லேமினேஷன் அக்காவின் வாக்குமூலம்

ஒரு தாள் அந்த மெஷினுக்குள் போய் வெளியே வர நாற்பது விநாடி ஆகும். அந்த நாற்பது விநாடியும் லேமினேஷன் அக்கா இந்த உலகத்தில் இருக்க மாட்டார். கண் திறந்திருக்கும், கை மெஷின்மேல் இருக்கும், ஆள் மட்டும் எங்கோ போயிருப்பார். ஒருமுறை பக்கத்தில் நின்று, "அக்கா, கடையில தீப்பிடிச்சிருச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். "ம்" என்றார்.

எங்கள் இடம் குடியேற்ற அலுவலகத்துக்கு நேர் எதிரே, ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. படியின் சரிவுக்குத் தகுந்தபடி கடையின் கூரையும் சரிந்திருக்கும். உள்ளே போகப் போகக் குனிய வேண்டும். அக்கா குள்ளம், அவருக்குக் கவலையில்லை. நான் நெட்டை. இரண்டு முறை தலையை இடித்துக்கொண்ட பிறகு என் மேசையை வாசலிலேயே போட்டுக்கொண்டேன். மனு எழுதுவதும் படிவம் நிரப்புவதும் என் பிழைப்பு. அந்த அலுவலகத்தின் மொழி எனக்கு எழுதப் படிக்க வரும், அவ்வளவுதான் என் தகுதி. தாள்களை நகல் எடுப்பதும், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டித் தருவதும் அக்காவின் வேலை.

எங்களிடம் வருகிறவர்கள் எல்லாரும் வேறு எங்கிருந்தோ வந்தவர்கள். வேலைக்கென்று வந்து, வேலை கொடுத்தவர் வீட்டிலேயே அடைபட்டவர்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கதவையும் பூட்டிக்கொண்டு, அடியும் கொடுத்தவர்களிடமிருந்து எப்படியோ தப்பி வந்தவர்கள். அப்படி வந்தவர்களுக்கு அலுவலகம் ஒரு பாதுகாப்புக் கடிதம் கொடுக்கும். ஒரே ஒரு தாள். ஓரத்தில் புகைப்படம், கீழே விரலால் தடவினால் மேடு தட்டும் ஒரு முத்திரை. அது கையில் இருக்கும்வரை போலீஸ் பிடிக்காது, பழைய முதலாளி கிட்டே வர முடியாது, வேறு இடத்தில் வேலை பார்க்கலாம். அது இல்லையென்றால் நாம் வெறும் 'ஓடிப்போனவர்'.

என்னிடமும் அந்தக் கடிதம் ஒன்று இருக்கிறது. பதினொரு மாதம் கரையே பார்க்காமல் ஒரு மீன்பிடிக் கப்பலில் கிடந்தவன் நான். அந்தக் கதையை இங்கே எடுத்தால் அக்காவின் கதை அந்தரத்தில் நின்றுவிடும். அதனால் வேண்டாம்.

அக்காவும் இருபது வருடத்துக்கு முன்னால் வீட்டு வேலைக்கு வந்தவர்தான். அவருக்கு முதன்முதலில் கிடைத்த தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தாராம். ஒரு நாள் நல்ல மழை. பஸ்ஸை நிறுத்திச் சோதனை போட்டவர்கள் தாளை விரித்தபோது, மை முழுதும் கரைந்து நீலமாக ஒரு கறைதான் இருந்ததாம். "இது யாரு?" என்று அந்தக் கறையைக் காட்டிக் கேட்டார்களாம். "நான்தான் சார்" என்று இவர் சொன்னாராம். ஐந்து மாதம் உள்ளே வைத்துவிட்டார்கள். ஜன்னல் கூரைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெரிய கூடம், அங்கே முந்நூறு பெண்கள். இதை அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு முறை, அதுவும் சிரித்துக்கொண்டு.

பிறகு அவருக்கு நிரந்தரமாகத் தங்க அனுமதி கிடைத்தது, கல்யாணம் ஆனது, ஒரு பெண் பிறந்தாள், உரிமம் வாங்கிக் கடை போட்டார். ஆனால் மழை பெய்தால் இன்றைக்கும் கை தானாகச் சட்டையைத் தொட்டுப் பார்க்கும்.

தாள் நனையக் கூடாது என்பதில் அக்காவுக்கு இருந்தது அக்கறையா வெறியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாதுகாப்புக் கடிதம் என்றால் கனமான உறைதான் போடுவார். ஒட்டி முடித்ததும் நகவெட்டியால் நாலு மூலையையும் உருட்டி வெட்டுவார், நெஞ்சில் குத்தக் கூடாதாம். முக்கியமான சங்கதி ஒன்று உண்டு. தாளை மெஷினுக்குள் விடும்போது அதன் சொந்தக்காரர் பெயரைக் கேட்டு, ஒருமுறை வாய் நிறையச் சொல்லித்தான் விடுவார்.

"எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"உள்ள போறது யாருன்னு தெரியாம எப்படிப்பா அனுப்புறது?" என்றார்.

அந்தப் பெயரோடு நாற்பது விநாடி அவரும் உள்ளே போய் வருவார் என்றுதான் எனக்குத் தோன்றும். காலையில் கடை திறந்ததும் முந்தின நாள் கனவைச் சொல்வார். ஒரு பெரிய ஏரி, அதன்மேல் தாள்களாக மிதக்கின்றன, ஒன்றுகூட நனையவில்லை, ஒவ்வொரு தாளிலும் ஒருவர் கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறார். "நீ கூட இருந்தப்பா, உனக்குத் தாள் பத்தல, கால் ரெண்டும் தண்ணிக்குள்ள" என்பார். நெட்டையாய்ப் பிறந்தவனுக்கு அடுத்தவர் கனவில்கூட இடம் பத்தாது போலிருக்கிறது. கேலி செய்வேனே தவிர, அந்தக் கனவுகளைக் கேட்கத்தான் நானும் சீக்கிரம் வருவேன். காலை வெயில் படிக்கட்டின் இடுக்கு வழியாக இறங்கி, அடுக்கி வைத்த பிளாஸ்டிக் உறைகளில் பட்டு, சரிந்த கூரை முழுக்க அலையாக ஆடும். மெஷின் சூடாகும் வாசம் வரும். எதிரே இருப்பது ஆளை நடுங்க வைக்கும் அலுவலகம் என்பதே மறந்து போகும்.

ஒரு திங்கட்கிழமை காலை, குட்டைமுடி என்று நாங்கள் கூப்பிடும் பெண் சாலையைக் கடந்து ஓடி வந்தாள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதிருக்கும். வேலை பார்த்த வீட்டில், தலை குளித்தால் தண்ணீர் வீணாகிறது என்று சொல்லி முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன் அங்கிருந்து தப்பி வந்து கடிதம் வாங்கி, ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலையில் இருந்தாள். முடி இப்போதுதான் காதைத் தாண்டியிருந்தது.

"அக்கா, இது செல்லாதாம்."

"எது செல்லாதாம்?"

"லெட்டர்தான்க்கா. பிளாஸ்டிக் போட்டதால செல்லாதாம். புதுப்பிக்கப் போனேன், தூக்கிப் போட்டுட்டாங்க."

அக்கா கடிதத்தை வாங்கினார். படத்தைப் பார்க்கவில்லை, எழுத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலால் மூலையைத் தடவினார். மூலை உருண்டையாக இருந்தது. அவரே வெட்டிய மூலை.

நான் அவளை அழைத்துக்கொண்டு அலுவலகத்தின் நாலாம் ஜன்னலுக்குப் போனேன். அங்கே இருக்கும் அதிகாரி கெட்டவர் இல்லை. நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கண் சிவந்த மனிதர், மணிக்கொருமுறை சொட்டு மருந்து விட்டுக்கொள்வார். ஒரு கண்ணை மூடிக்கொண்டே எனக்கு விளக்கினார். போன வருடம்வரை புதுப்பித்தால் தனியாக ஒரு சீட்டுக் கொடுத்தார்களாம். இந்த வருடம் விதி மாறிவிட்டது. கடிதத்தின் பின்பக்கத்திலேயே முத்திரை குத்த வேண்டும். பிளாஸ்டிக்கின்மேல் மை நிற்காது. அதோடு, கடிதம் அசல்தானா என்று அந்த மேட்டு முத்திரையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் எதைத் தடவுவது?

"போலி ஆளுங்கதான் மேல பிளாஸ்டிக் போட்டு மறைப்பாங்க. பின்னாடி எழுதியிருக்கே, படிக்கலையா?" என்று கேட்டார்.

திருப்பிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்த மாதிரிப் பொடி எழுத்தில் ஒரு வரி: இக்கடிதத்தை மூடவோ, ஒட்டவோ, மாற்றவோ கூடாது. நாலு வருடமாக இந்தக் கடிதத்துக்கு மனு எழுதுகிறேன். என் சொந்தக் கடிதத்தையே மார்பில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அதன் முதுகை ஒருநாளும் படித்ததில்லை. மனு எழுதித் தரப்படும் என்று போர்டு வேறு.

"வெள்ளிக்கிழமையோட இது முடியுது. அதுக்குள்ள நல்ல தாளக் காட்டணும். இல்லன்னா சேதப்படுத்தினதா பதிவாயிடும். அந்த முதலாளி புகார் குடுத்திருக்காரு, ஓடிப்போயிட்டான்னு. லெட்டர் இல்லாத ஆளை நாங்க வச்சுக்க முடியாது, அவர்கிட்டத்தான் ஒப்படைப்பாங்க" என்றார்.

வெளியே வந்தபோது குட்டைமுடி என் சட்டையைப் பிடித்தாள். சாலையின் அந்தப் பக்கம் பால் நிறத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அவள் தப்பி வந்த வீட்டின் டிரைவர் உள்ளே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடிதம் எந்தத் தேதியில் முடிகிறது என்பது அந்த வீட்டுக்கும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை முழுவதும் அக்கா பிளாஸ்டிக்கைப் பிரிக்கப் பார்த்தார். ஒட்டத் தெரிந்தவருக்குப் பிரிக்கத் தெரியாதா என்று ஒரு நம்பிக்கை. நேராக அவள் கடிதத்தில் கை வைக்கப் பயம். காலாவதியான என் பழைய கடிதம் ஒன்று கிடந்தது, அதையும் அவரேதான் ஒட்டித் தந்திருந்தார். அதைக் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டியை லேசாகச் சூடாக்கி, துணி போட்டு, மேலே வைத்து எடுத்தார். ஓரத்தை நகத்தால் கிளப்பினார். பிளாஸ்டிக் மெதுவாக, சத்தமே இல்லாமல் எழுந்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. என் முகமும் அதோடு எழுந்து வந்தது.

அக்காவின் ஒரு கையில் பிளாஸ்டிக், அதில் என் மூக்கும் கண்ணும் பாதிப் பெயரும். இன்னொரு கையில் தாள், அதில் நான் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சதுரம். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"போச்சுப்பா" என்றார்.

"நல்லவேளை, பழசு" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அக்காவின் கணவர் வந்தார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிப்பவர். எந்த நிறத்தில் வேலை நடக்கிறது என்பதை அவர் காதைப் பார்த்தால் தெரியும். விஷயம் முழுவதையும் கேட்டார்.

"நான்தான் பண்ணேன்னு போய்ச் சொல்லிடேன்" என்றார்.

"சொன்னா உரிமம் போயிடும்ங்க. மெஷினத் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"போகட்டும். அந்தப் பொண்ண விட மெஷின் என்ன பெரிசா?"

"நீங்க ஏங்க என்மேல கோவப்படுறீங்க?"

"உன்மேல இல்ல. அந்தக் கார்மேல."

புதன்கிழமை காலை நான் மறுபடியும் நாலாம் ஜன்னலுக்குப் போய்க் கேட்டு வந்தேன். ஒட்டியவரே வந்து, தெரியாமல் செய்தேன் என்று சத்தியம் செய்து வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால், மோசடி இல்லை என்று குறித்துக்கொண்டு வேறு கடிதம் தரலாம் என்றார் அதிகாரி. ஆனால் அரசாங்கத் தாளைச் சேதப்படுத்தியது குற்றம், உரிமம் ரத்தாகும், மெஷின் பறிமுதலாகும்.

அக்கா வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். போகும் முன் அவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். "ஒரே ஒரு கேள்விதான்க்கா கேப்பாங்க. இது மாதிரி இன்னும் எத்தனைன்னு. இது ஒண்ணுதான்னு சொல்லிடுங்க. பேச்ச வளக்காதீங்க."

அவர் நல்லதுக்குத்தான் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எல்லாரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இங்கே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'இன்னும் நிறைய' என்று அவர் வாயைத் திறந்தால், அந்த நிறையவில் நானும் ஒருவன். என் கடிதத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. அது செல்லாது என்று எழுதிவிட்டு, புதிதாக ஒன்று தருகிறவரைக்கும் நான் யார்? கப்பலின் கண்காணி என்னைக் கூப்பிட்ட பெயர் ஒன்று உண்டு. அந்தப் பெயர்தான் எனக்கு மிச்சம். 

அன்று மதியம் அதிகாரி எங்களைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போனார். ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் ஒரு மின்விசிறி. குட்டைமுடி ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டாள். வாக்குமூலத்தை எழுத நான் பேனாவை எடுத்தேன். நான் சொல்லிக்கொடுத்த கேள்வியையே அவர் கேட்டார்.

"இது ஒண்ணுதானா, இன்னும் இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

"எல்லாமே சார். உங்க லெட்டர எடுத்துக்கிட்டு யார் என் கடைக்கு வந்தாங்களோ, அத்தன பேருக்கும் நான்தான் ஒட்டிக் குடுத்தேன்."

என் பேனா நின்றுவிட்டது. "அக்கா!" என்றேன், அதட்டலாகத்தான்.

"இரு தம்பி. இன்னைக்கு ஒண்ணுதான்னு சத்தியம் பண்ணிட்டுப் போறேன். அடுத்த மாசம் இன்னொருத்தி வந்து இதே மாதிரி நிப்பா. அன்னைக்கு நான் வந்து, 'இதுவும் நான்தான்'னா யாரு நம்புவா? பொய்ச் சத்தியம் பண்ணவள்னு என்னைய வெளிய தள்ளிடுவாங்க. அவளுக்கு யாரு இருக்கா? சொல்றத ஒரே தடவையில சொல்லிடணும்பா." பிறகு குரலைத் தாழ்த்தி, "உன்னுதும்தான். தெரியும். மன்னிச்சுக்க" என்றார்.

அதிகாரி கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, "பேரு இல்லாம எழுதி என்னம்மா பிரயோஜனம்? பதிவேடு ஏதாவது வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"பதிவேடெல்லாம் இல்ல சார். பேரு தெரியும்."

அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் மேசைமேல், மெஷின் முன்னால் நிற்கிற மாதிரியே வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். வலது கை ஒரு தாளைத் தள்ளுவதுபோல் நகர்ந்தது, ஒரு பெயர் வந்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. மறுபடி கை நகர்ந்தது, இன்னொரு பெயர் வந்தது.

முதல் இருபது பெயரை அதிகாரி நம்பாமல் கணினியில் தட்டிப் பார்த்தார். இருபதும் இருந்தன. அதன் பிறகு அவர் சரிபார்ப்பதை விட்டுவிட்டு எங்களோடு உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தார். புதன் மதியமும் வியாழன் மதியமும் அப்படியே போயின. மின்விசிறி முகத்தைத் திருப்பித் திருப்பி எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. சில பெயர்களோடு ஒரு வால் ஒட்டிக்கொண்டு வந்தது. இடுப்பில் குழந்தை வைத்திருந்தவர், ரெண்டு விரல் இல்லாத மேஸ்திரி, பேரைச் சொல்லவே வெட்கப்பட்ட பையன். அறைக்குள் யாரோ ஒருவர் பின் ஒருவராக வந்து சுவரோரமாக நிற்பதுபோல் எனக்கு இருந்தது. திரும்பிப் பார்க்கத் தயக்கமாக இருந்தது. எல்லாரும் உலர்ந்த உடுப்போடு, அமைதியாக, தங்கள் முறைக்காகக் காத்திருந்தார்கள். நாற்பத்தேழாவதாக என் பெயர் வந்தது. அவர் குரல் கொஞ்சங்கூட மாறவில்லை. நானும் எழுதினேன். 

நூற்று எண்பத்தாறு பெயர்கள். நூற்று எண்பத்தேழுக்காகக் கை நகர்ந்தது. பெயர் வரவில்லை.

"புருவத்துல தழும்பு" என்றார் அக்கா. "இந்தப் பக்கம். மஞ்ச கலர்ல சட்டை. 'பேர மெதுவா சொல்லுங்கக்கா, வெளிய ஆள் இருக்கு'ன்னு அந்தப் புள்ள சொல்லுச்சு. நானும் மெதுவாத்தான் சொன்னேன். எனக்கே கேக்காத மாதிரி சொல்லிட்டேன் போல." கண்ணைத் திறந்தார். அதுவரை ஒரு சொட்டுக்கூட அழாதவர், சின்னப் பிள்ளை மாதிரி விசும்பினார். "அந்தப் புள்ள என்ன பண்ணும்? நான் மறந்துட்டேனே. அந்தப் புள்ள என்னப்பா பண்ணும்?"

பெயர் இல்லாமல் பதிய முடியாது என்றார் அதிகாரி. நான் வாக்குமூலத்தின் கடைசியில், கையெழுத்துக்கு மேலே, ஒரு வரி சேர்த்து எழுதினேன்: இன்னும் ஒருவர், பெயர் நினைவில்லை, புருவத்தில் தழும்பு. பக்கத்திலேயே என் தொலைபேசி எண்ணையும் எழுதினேன். அந்த நேரம் பார்த்து அதிகாரிக்குக் கண் எரிந்தது. மருந்துக் குப்பியைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குட்டைமுடிக்குப் புதுக் கடிதம் கிடைத்தது. பின்பக்கத்தில் ஈரம் காயாத முத்திரை. அதை ஊதி ஊதிக் காயவைத்தபடி படியிறங்கினாள். பால் நிறக் கார் அங்கேயேதான் நின்றது. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தான் கார்ப்பக்கமாக நடந்து சாலையைக் கடந்தார். பாதி வழியில் குட்டைமுடி கையை விடுவித்துக்கொண்டு நேராகக் காரிடம் போனாள்.  கண்ணாடியைத் தட்டினாள்.

"அண்ணே, என் செருப்பு அங்கேயே இருக்கு. மாடிக்குப் போற வழியில, சிவப்புச் செருப்பு. அதைக் கொண்டு வந்து குடுங்க" என்றாள்.

டிரைவர் ஏதோ முணுமுணுத்தார். அவரும் எங்களைப் போல எங்கிருந்தோ வந்தவர்தான், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். செருப்பு வரவில்லை, காரும் பிறகு வரவில்லை.

அன்று மதியமே இரண்டு பேர் வந்து மெஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அக்கா ஒயரை அழகாகச் சுருட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார். கதவில் காகிதம் ஒட்டிப் பூட்டுப் போட்டார்கள். மறுநாளிலிருந்து அவர் என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அலுவலகத்திலிருந்து கடிதத்தோடு யார் வந்தாலும், "ஒட்டாதீங்க, ஒட்டாதீங்க" என்று சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்துவார். பாதிப் பேர் பயந்து ஓடினார்கள். ஒரு பக்கம் திறந்த பிளாஸ்டிக் உறையில் தாளைச் சும்மா சொருகி வைத்தாலே மழை படாது என்ற எளிய யோசனை அவருடைய பத்து வயது மகள் சொல்லித்தான் எங்களுக்கு வந்தது. நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 

பட்டியலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து தாளை மாற்றிக்கொண்டார்கள். நான் ஒன்பது நாள் கடிதம் இல்லாமல் இருந்தேன். அந்த ஒன்பது நாளும் அக்கா வீட்டு ஹாலில் படுத்துக்கொண்டேன். அவர் கணவர் வாசலுக்கு நேரே பாய் போட்டுப் படுத்தார். 

நாலு மாதம் கழித்து ஒரு முற்பகல். என் தொலைபேசி அடித்தது. கடலோரத்திலிருந்த ஏதோ ஒரு ஊரின் காவல் நிலையம். பஸ்ஸில் ஒரு பெண்ணைப் பிடித்திருக்கிறார்களாம். கடிதத்தில் பிளாஸ்டிக் இருக்கிறதாம், போலி என்று சந்தேகமாம்.

"தலைமை ஆபீஸ்ல கேட்டா, இப்படி ஒரு லிஸ்ட் இருக்குன்னு அனுப்பினாங்க. இந்தம்மா பேரு அதுல இல்ல. ஆனா கடைசியில என்னமோ எழுதியிருக்கு, தழும்புன்னு. இதெல்லாம் ஒரு சாட்சியா?" என்று கேட்டார் அந்த அதிகாரி.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனைப் பிடுங்கினார்.

"சார், புருவத்துல இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அந்தப் புள்ளதான் சார். போலி இல்ல. ஒட்டிக் குடுத்தது நான். எனக்குத் தண்டன குடுத்து முடிச்சுட்டாங்க. வேணும்னா இன்னொரு தடவ குடுங்க, வந்து வாங்கிக்கிறேன். அந்தப் புள்ளைய விட்டுடுங்க."

அந்தப் பக்கம் அவர் போனை மேசைமேல் வைத்தார். தூரத்தில் யாரோ தட்டச்சு செய்வது கேட்டது. அக்கா கண்ணை மூடி நின்றார். நாற்பது விநாடிக்கு மேலேயே இருக்கும். பிறகு, கடிதத்தை மாற்றிக்கொள்ள அனுப்பி வைக்கிறேன், வழியில் காட்ட ஒரு சீட்டும் எழுதித் தருகிறேன் என்றார் அந்த அதிகாரி. போனை அவளிடமே கொடுத்தார்.

"அக்கா?" என்றது ஒரு மெல்லிய குரல். இவ்வளவு நாள் கழித்தும் பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று பயப்படுகிற குரல். "நீங்க இன்னும் அந்தக் கடையிலதான் இருக்கீங்களா?"

அக்கா பூட்டுப் போட்ட கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாம்மா. இங்கதான் இருக்கேன். வா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் ஸ்டூலை எடுத்து, முந்தானையால் துடைத்து, மேசைக்கு எதிரே வருகிறவர் உட்காரும் பக்கமாகப் போட்டார். தான் நின்றுகொண்டார். அந்த ஊரிலிருந்து இங்கே வந்து சேர இரண்டு நாள் ஆகும். அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.